ரொட்டி கய்யூமின் சாட்சி

மலாக்கா காஜா பெராங்கில் அந்த நாளில் கடிகாரம் உள்ள வீடுகள் குறைவு. தேவையும் இல்லை. காலை ஆறரைக்கு அப்துல் கய்யூமின் சைக்கிள் மாரியம்மன் கோயில் முக்கில் திரும்பும், “ரொட்டீ...” என்று ஓர் இழுப்பு இழுப்பார். தொட்டில் பிள்ளை முழித்துக்கொள்ளும், சோம்பேறி மருமகன் எழுந்து உட்காருவான், நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டு ஒரு கணம் யோசிக்கும். வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். கய்யூம் வங்காளம் போகவில்லை. போகிற உத்தேசமும் இல்லை. அந்த வாயை வைத்து மனைவி பஷீராவையும் மூன்று பெண்பிள்ளைகளையும் காப்பாற்றினார். அதுவே போதும் என்றிருந்தார்.

அவருடைய வாப்பா நாகூர்ப் பக்கமிருந்து கப்பலேறி வந்தவர். கய்யூம் பிறந்ததும் வளர்ந்ததும் ரொட்டிப் பெட்டி தூக்கியதும் இங்கேதான். வீட்டில் தமிழ், தெருவில் மலாய். இரண்டும் அவருக்கு இரண்டு கை மாதிரி. எந்தக் கையால் எதை எடுக்கிறோம் என்று அவர் நினைத்துப் பார்த்ததே கிடையாது. வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் செட்டிகள். அவர்களுக்குப் பெயர் தமிழ், சாமி தமிழ், நெற்றியில் திருநீறும் உண்டு. வாயைத் திறந்தால் மட்டும் மலாய். எத்தனையோ தலைமுறைக்கு முன்பே தமிழை மறந்துவிட்ட ஜனங்கள். அவர்கள் வாசலில் கய்யூமும் மலாய்தான் பேசுவார்.

வாரத்தில் ஆறு நாள் ரொட்டி. சனிக்கிழமை சாயங்காலம் காஜா பெராங் கால்பந்துக் கிளப். கய்யூம் வாழ்நாளில் ஒரே ஒரு முறை பந்தை உதைத்திருக்கிறார். கால் பெருவிரல் நகம் போனது, பந்து போகவில்லை. அதனால் என்ன, ஆடுகிறவனுக்குக் கால் வேண்டும், ஆட்டுவிக்கிறவனுக்குத் தொண்டை போதும் என்பது அவர் கட்சி. கடற்கரையை ஒட்டிய பாடாங் திடலில், நடுக்கோட்டுக்கு நேராக, அவருக்கென்று ஓர் இடம் உண்டு. வேறு யாரும் அங்கே நிற்கமாட்டார்கள். நின்றால் காது போய்விடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷம் போல இன்னொரு வருஷம் கிளப்புக்கு வாய்த்ததில்லை. முதல் நான்கு ஆட்டமும் வெற்றி. கேப்டன் கனகசபை, செட்டி வீட்டுப் பிள்ளை, இருபத்தாறு வயது, அதிகம் பேசமாட்டான். வெறுங்காலோடு நடுவில் நின்றான் என்றால் பந்து அவனைத் தாண்டிப் போவதற்கு அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். புக்கிட் காதில் என்கிற ஊர்ப் பசங்களுக்கு ஐந்து கோல் போட்டபோது கய்யூம் திங்கட்கிழமை தெரு முழுக்க ரொட்டி விற்றாரா, கோல் விற்றாரா என்று யாருக்கும் தெரியவில்லை. காசு வாங்க மறந்த வீடே ஏழெட்டு என்று பஷீரா இன்றைக்கும் சொல்லுவாள்.

கடைசி சனிக்கிழமை வந்தது. கேடயம் இரண்டே பேருக்குள் இருந்தது: நமக்கு அல்லது பத்து பெரெண்டாம் என்கிற ஊர்க் கிளப்புக்கு. நமக்கு உஜோங் பாசிர் கிளப்போடு பாடாங்கில் ஆட்டம். அதே நாளில் பெரெண்டாம்காரர்களுக்கு அவர்கள் ஊர்த் திடலிலேயே ஆட்டம், நமக்கு ஒரு மணி நேரம் முன்னால். பெரெண்டாம் தோற்றாலும், ஆட்டம் சமமாக முடிந்தாலும், நாம் சமமாக முடித்தால் போதும்; கேடயம் நமக்கு. பெரெண்டாம் ஜெயித்துவிட்டாலோ நாமும் ஜெயித்தே தீரவேண்டும்.

இதற்கு ஓர் ஏற்பாடு வேண்டுமல்லவா? கனகசபையும் கய்யூமும் வெள்ளிக்கிழமை காலை ரொட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, இரண்டே பேருக்குள், ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். தந்தி பியூன் இராமலிங்கம் பெரெண்டாமில் ஆட்டம் முடிந்ததும் சைக்கிளில் பறந்து வருவான். சேதியைக் கய்யூமிடம் சொல்லுவான். கய்யூம் அதை மலாயில் ஒற்றைச் சொல்லாகக் கத்தவேண்டும். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு கனகசபை ஆட்டத்தை நடத்துவான். மலாக்காவில் அந்தக் கூட்டத்தைத் தாண்டிக் கேட்கிற தொண்டை வேறு யாருக்கு இருக்கிறது என்று கனகசபை சொன்னபோது கய்யூமுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஆட்டம் என்றால் அது ஆட்டம். உஜோங் பாசிர்க்காரர்கள் கடலோரத்து ஜனங்கள், காற்றோடு ஓடினார்கள். அரை மணியில் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். கய்யூம் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கீழே போட்டு மிதித்தார். இடைவேளை முடிந்து இருபத்தைந்தாவது நிமிஷம் கனகசபையே முப்பது கெஜத்திலிருந்து ஒன்று அடித்தான். பந்து போனதைக் கோல் காத்த கோலி பார்க்கவில்லை, வலை ஆடியதைத்தான் பார்த்தான். கய்யூம் பக்கத்தில் நின்ற சீனக் கடை முதலாளித் தவுக்கேயைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். ஒன்றுக்கு ஒன்று. இன்னும் இருபது நிமிஷம்.

அப்போதுதான் இராமலிங்கம் வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, மூச்சு வாங்கியது.

“பாய், பெரெண்டாம் ஜெயிச்சிட்டான். கேப்டன்கிட்ட சொல்லி எல்லாரையும் முன்னுக்கு ஏறச் சொல்லுங்க.”

கய்யூம் “சரி! சரி!” என்று சொல்லிவிட்டு மைதானத்தைப் பார்த்துத் திரும்பினார். கனகசபை இவர் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். கய்யூம் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து “மெனாங்!” என்று கத்தினார். ஜெயித்துவிட்டான் என்று அர்த்தம். அந்த நொடியில் உஜோங் பாசிர்க்காரன் ஒருவன் அடித்த பந்து நம் கோல் கம்பத்தில் மோதித் தெறித்தது. கூட்டம் மொத்தமும் ஓவென்று அலறியது. ஆனாலும் கனகசபை கையை உயர்த்தினான். சொல் போய்ச் சேர்ந்துவிட்டது. கய்யூம் நிம்மதியாக மூச்சு விட்டார்.

அதற்கப்புறம் நடந்ததை அவரால் நம்பவே முடியவில்லை. கனகசபை எல்லாரையும் பின்னுக்கு இழுத்தான். முன்னால் நின்ற இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கோலுக்கு முன்னே சுவராக நிறுத்திவிட்டான். பந்து வந்தால் கடல் பக்கம் உதைத்துத் தள்ளினான். ஏறு, ஏறு என்று கூட்டம் கத்தியது, கய்யூமும் கத்தினார். கூட்டம் என்றைக்குத்தான் ஏறு என்று கத்தாமல் இருந்தது? கனகசபை காதில் போட்டுக்கொள்ளவில்லை. விசில் ஊதியபோது கனகசபை இரண்டு கையையும் தூக்கிக் குதித்தான். பாவி, தோற்றுவிட்டுக் குதிக்கிறானே என்று கய்யூம் தலையில் அடித்துக்கொண்டார். கேடயம் பெரெண்டாமுக்குப் போனது.

வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்தது. ஆறு வாரம் காஜா பெராங்கில் வேறு பேச்சே இல்லை. அந்தப் பேச்சையெல்லாம் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது ரொட்டிப் பெட்டிதான். ஒரு வீட்டில் கோலிமேல் குற்றம், அவனுக்கு மாலைக்கண் என்றார்கள். பள்ளிக்கூட வாத்தியார் வருஷத்தின் நடுவில் ஜெர்சி நிறத்தை மாற்றியதுதான் ராசியைக் கெடுத்தது என்றார், படித்தவர் வேறு. மலாய்க் கான்ஸ்டபிள் ஒருவர் ரெஃப்ரியைச் சிறையில் போடவேண்டும் என்றார். அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டும் இருந்தார். கய்யூம் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். பிறகு பெட்டி மூடியைச் சாத்திவிட்டுத் தன் சாட்சியைச் சொல்லுவார். நான் என் வாயால் சொன்னேன், ஜெயித்துவிட்டான் என்று. அவன் கையைத் தூக்கினான். தூக்கிவிட்டுத்தான் பின்னுக்குப் போனான். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒத்துக்கொண்ட வீட்டுக்குச் சூடான ரொட்டி. ஒத்துக்கொள்ளாத வீட்டுக்கு முந்தின நாள் ரொட்டி.

சாட்சி சொல்லச் சொல்ல வளர்ந்தது. கையைத் தூக்கினான் என்பது, கையைத் தூக்கிச் சிரித்தான் என்று ஆயிற்று. கனகசபையின் அக்காளைப் பெரெண்டாமில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அதை யார் முதலில் எடுத்தார்கள் என்று தெரியாது. அக்காள் வீட்டுச் சோறு பேசுகிறது என்று ஒரு வீட்டில் சொன்னார்கள். அடுத்த வீட்டுக்குப் போகும்போது அதைக் கய்யூமும் சொன்னார். மூன்றாவது வாரம் ஆட்டத்தையே விற்றுவிட்டான் என்று ஊர் தீர்மானித்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கனகசபை ஒரு வார்த்தை பேசவில்லை. வேலைக்குப் போனான், வந்தான். அவன் தாய் தனலட்சுமி முன்பெல்லாம் கெபாயாச் சட்டையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கே வந்து ரொட்டி வாங்குவாள், நாலு கேலி பேசுவாள். இப்போது கதவை ஒருக்களித்துத் திறந்து கையை மட்டும் நீட்டினாள். கய்யூமுக்கு அது உறுத்தியது. உண்மையைச் சொல்கிறவனுக்கு என்ன உறுத்தல் என்று தன்னையே அதட்டிக்கொண்டார்.

பஷீராதான் ஒரு நாள் மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்.

“அந்தப் பையன் பொய் சொல்ற முகமாங்க?”

“முகத்தையா பாக்குறது? நான் கண்ணால பாத்தேன்டி, கையத் தூக்குனான்.”

“நீங்க சொன்னதுக்குத்தான் தூக்குனான்னு யாரு கண்டா?”

கய்யூமுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆட்டம் தெரியாத பெண்ணோடு என்ன பேச்சு என்று எழுந்து போய்விட்டார்.

வருஷக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளிக்கூடக் கொட்டகையில் கூடியது. தலைவர் பாபா சுவீ லெங், ரப்பர் கம்பெனியில் பெரிய குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், மலாய் பேசுகிற பாபா சீனர். காலரில் பொத்தான் போடாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. கொட்டகை நிரம்பி ஜன்னலிலும் ஆள் தொங்கியது. இடது பக்கம் செட்டிகளும் மலாய்க்காரர்களும் பாபாக்களும், வலது பக்கம் தமிழ் ஆட்கள். பேச்செல்லாம் மலாயில். ஒரே தீர்மானம்: கனகசபையைக் கேப்டன் பதவியிலிருந்து மட்டுமல்ல, கிளப்பிலிருந்தே நீக்குவது.

முதல் சாட்சி கய்யூம். எழுந்து சொன்னார். நன்றாகவே சொன்னார், ஆறு வாரம் ஒத்திகை பார்த்தது வீண் போகுமா? மெனாங் என்று கத்தினேன், கையைத் தூக்கினான். கொட்டகை உறுமியது. தலைவர் மேசையைத் தட்டிவிட்டுக் கனகசபையைப் பார்த்தார். ஏன் பின்னுக்குப் போனாய்?

கனகசபை எழுந்தான். ஆட்டத்தில் தெரிகிற அந்த உயரம் அன்றைக்கு அவனிடம் இல்லை.

“பெரெண்டாம் ஆட்டம் சமம் என்று எனக்குச் சேதி வந்தது. அதனால்தான்.”

யார் சொன்னது என்று தலைவர் கேட்டார். கூட்டத்தில் யாரோ, முகம் பார்க்கவில்லை என்றான் கனகசபை. எல்லாரும் சிரித்தார்கள். காற்று வந்து சொன்னதா என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். தலைவர் விடவில்லை. அப்படியே என்ன சொல் காதில் விழுந்தது, அதைச் சொல் என்றார்.

“செரி,” என்றான் கனகசபை. “இரண்டு தடவை. செரி, செரி.”

மலாயில் ஆட்டம் சமமாக முடிந்தால் அதைச் செரி என்பார்கள். மலாக்காவில் பந்து பார்க்கிற எவனுக்கும் தெரிந்த சொல். கய்யூமுக்கும் தெரியும், ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். அந்தச் சொல் இப்போது கனகசபையின் வாயிலிருந்து வந்து அவர் மலாய்க் காதில் விழுந்தது. விழுந்து, மெல்ல உருண்டு, தமிழ்க் காதுக்குள் போனது.

கேப்டன்கிட்ட சொல்லுங்க என்றான் இராமலிங்கம். என்ன பதில் சொன்னார் அவர்? மலாக்கா முழுக்கக் கேட்கிற தொண்டையால், ஒன்றுக்கு இரண்டு தடவை, என்ன சொன்னார்? அப்புறம் கத்திய மெனாங்கைத்தான் கம்பத்தில் மோதிய பந்து விழுங்கிவிட்டதே. அந்தக் கை உயர்ந்தது முதல் சொல்லுக்கு.

கய்யூம் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் இராமலிங்கம் வெற்றிலையை மென்றுகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எதுவும் நினைவில்லை. வேறு யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் அல்லாஹ்வுக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். வாயைத் திறந்தால், கேடயத்தைத் தொலைத்தவன் என்று இந்த ஊர் அவரைச் சாகும்வரை சொல்லும். எந்தக் கதவு அதற்கப்புறம் ரொட்டிக்குத் திறக்கும்? வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள்.

தீர்மானத்தை ஆதரிக்கிறவர்கள் கை உயர்த்தலாம் என்றார் தலைவர். கைகள் எழுந்தன. தலைவர் பென்சிலை எடுத்து எண்ணத் தொடங்கினார். கனகசபை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கய்யூமால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்தார். விளக்கம் சொல்லத்தான் எழுந்தார். மலாயில் ஒரு வார்த்தை வரவில்லை, தமிழிலும் வரவில்லை. ஆறு வாரமாகப் பேசிய வாய் அடைத்துக்கொண்டது. கடைசியில் வந்தது அந்த ஒன்றுதான், பாடாங்கில் வந்த அதே குரலில், கொட்டகைத் தகரம் அதிர.

“சரி! சரி!”

வலது பக்கம் தமிழ் ஆட்கள் கைதட்டினார்கள். பாயே ஒத்துக்கிட்டாரு, அப்புறம் என்ன என்றான் ஒருவன். இடது பக்கம் ஒரே குழப்பம். சமமா? கையை எண்ணி முடிக்கவே இல்லை, அதற்குள் எப்படிச் சமம் என்று செட்டிகள் எழுந்துவிட்டார்கள். தலைவர் பென்சிலோடு விழித்தார். எண்ணிக்கை சமம் என்று யார் சொன்னது என்று கய்யூமைக் கேட்டார்.

“அதேதான்,” என்று கய்யூம் அலறினார், இப்போது மலாய் வந்துவிட்டது. “அதேதான் நடந்தது. இவர்கள் தமிழ்க் காதுக்கு நான் ஒத்துக்கொண்டேன், உங்கள் மலாய்க் காதுக்குச் சமம். வாய் ஒன்றுதான். இந்த வாய்தான் அன்றைக்கும் கத்தியது. இராமலிங்கத்துக்குச் சொன்ன பதில் கேப்டன் காதில் விழுந்துவிட்டது. அவன் பொய் சொல்லவில்லை. விற்கவும் இல்லை. கேடயத்தைத் தொலைத்தவன் நான்.”

பிறகு கொட்டகையே இடிந்து விழுந்தது போல ஒரு சத்தம். இரண்டு பாஷையும் தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். தெரியாதவர்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். அவர்கள் சிரித்துவிட்டு உடனே திட்டினார்கள். ஒருவன் செருப்பைக் கழற்றினான். இன்னொருவன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அட, நம்ம கேப்டன் களங்கமில்லாதவன்டா, அதைப் பார் என்று கத்தினான். அந்தப் பேச்சு பற்றிக்கொண்டது. ஆறு வாரமாகக் கனகசபையைத் திட்டியவர்களுக்கு அவன்மேல் எவ்வளவு ஆசை இருந்தது என்பது அப்போதுதான் வெளியே வந்தது. பெஞ்சைத் தாண்டிக் குதித்து வந்து அவனைத் தூக்கினார்கள். தலைவர் தீர்மானம் தோற்றது என்று சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. பொத்தானைக் கழற்றிவிட்டு அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷத்துக்கும் கனகசபையே கேப்டன் என்று மொத்தக் கொட்டகையும் கத்தியது; கேடயம் கிடைத்திருந்தால்கூட அப்படிக் கத்தியிருக்கமாட்டார்கள்.

தவளை தன் வாயால் கெடும். கெட்ட தவளை சந்தடியில் நழுவி வேலியோரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனது. பின்னால் யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது. அடிக்கத்தான் வருகிறார்கள் என்று கய்யூம் நின்றார். கனகசபை.

மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வாயெடுத்தவர் வேறு ஒன்றைக் கேட்டுவிட்டார்.

“என் குரல் என்று அன்றைக்கே உனக்குத் தெரியாதா?”

“தெரியும்,” என்றான் கனகசபை. “உங்கள் குரல் எனக்குத் தெரியாதா? தடுமாறி மாற்றிக் கத்திவிட்டீர்கள், ஊருக்குப் பயந்து மறைக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.”

“அப்படி நினைத்துக்கொண்டுமா ஆறு வாரம் பேசாமல் இருந்தாய்? நான் வீடு வீடாகப் போய் உன்னை என்னவெல்லாம் சொன்னேன் தெரியுமா?”

“தெரியும். எங்கள் வாசலிலும்தான் சொன்னீர்கள்.” கனகசபை சைக்கிள் கைப்பிடியில் கை வைத்தான். “நான் சனிக்கிழமை பாடாங்குக்குப் போனால் போதும். நீங்கள் தினமும் எல்லா வாசலிலும் போய் நிற்கவேண்டுமே.”

கய்யூமுக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் அவர் முயலவில்லை. பட்டப்பகலில், கொட்டகையிலிருந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்த தெருவில், சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அந்தப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.